மூன்று சந்தா கட்டியும் அரையிறுதி தெரியவில்லை: பிரத்யேக ஒளிபரப்பு உரிமையால் யாருக்கு லாபம்?

(இணைய மன்றம் ஒன்றில் நடந்த விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

பந்துபொறுக்கி

சனிக்கிழமை இரவு அரையிறுதி. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உட்கார்ந்தேன். முதல் செயலியின் முகப்பிலேயே அந்தத் தொடரின் படம் இருந்தது. அழுத்தினால் பழைய ஆட்டங்களின் சுருக்கக் காட்சிகள் மட்டும். இரண்டாவது செயலியில் ஆட்டமே இருந்தது. ஆனால் "இந்த ஆட்டம் உங்கள் திட்டத்தில் இல்லை" என்று ஒரு வரி, அதன் கீழே பொன்னிறத்தில் ஒரு பொத்தான். மூன்றாவது செயலிக்கு நான் சந்தா கட்டுவது வேறொரு விளையாட்டுக்காக. நப்பாசையில் அதையும் திறந்து, கடவுச்சொல்லை மறந்து, மீட்டு, ஒன்றும் இல்லை என்று கண்டு, மறுபடி இரண்டாவதற்கே வந்து பொன்னிறப் பொத்தானை அழுத்தினேன். அட்டை எண்ணை அடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டது. கோல். பணம் கட்டி எனக்குப் படம் தெரிந்தபோது வீரர்கள் கட்டிப்பிடித்து முடித்து நடுக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கோபத்தில் எழுதவில்லை, அது ஞாயிற்றுக்கிழமையே ஆறிவிட்டது. கேட்க விரும்புவது இதுதான். ஒரே பொருளை இரண்டு பேர் விற்றால் விலை இறங்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். விளையாட்டு ஒளிபரப்பில் விற்பவர்கள் ஒருவரிலிருந்து மூவரானபோது என் செலவு மட்டும் ஏன் ஏறியது? அவர்கள் ஒரே பொருளை விற்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். ஆளுக்கொரு பொருளை, ஆளுக்கொரு ஏகபோகமாக விற்கிறார்கள். இடது செருப்பை ஒருவரும் வலது செருப்பை இன்னொருவரும் விற்பது போல. போட்டி நடப்பது ஏலத்தில். அது முடிந்து என் வீட்டுக்கு வரும்போது போட்டி கிடையாது, ரசீது மட்டும்தான் வருகிறது.

இங்கிலாந்துக் கால்பந்தைப் பாருங்கள். 1992-இல் பிரிமியர் லீக் தொடங்கியபோது நேரலை உரிமை முழுவதும் பிஎஸ்கைபி (சுருக்கமாக ஸ்கை) என்ற ஒரே செயற்கைக்கோள் நிறுவனத்திடம் போனது. எல்லாம் ஒருவர் கையில் இருப்பது சரியில்லை என்று ஐரோப்பிய ஆணையம் பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 2006-இல் ஓர் உறுதிமொழியை வாங்கியது: உரிமையை ஆறு தொகுப்பாகப் பிரித்து விற்க வேண்டும், ஆறையும் ஒருவரே வாங்கக் கூடாது. 2007-08 பருவத்தில் ஸ்கைக்கு 92 ஆட்டம், செட்டான்டா என்ற அயர்லாந்து நிறுவனத்துக்கு 46 ஆட்டம். ரசிகனுக்குக் கிடைத்த "தேர்வு" என்ன? நேற்றுவரை ஒரு சந்தாவில் பார்த்ததை இன்றுமுதல் இரண்டு சந்தாவில் பார்க்கலாம் என்பதுதான். 2009 ஜூனில் செட்டான்டாவின் பிரிட்டன் கிளை நொடித்துப்போனது. அந்த இடத்துக்கு ஈஎஸ்பிஎன் வந்தது, 2013-இல் பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) வந்தது. 2010-13 மூன்றாண்டுக்கு 177.3 கோடி பவுண்டாக இருந்த உரிமைத் தொகை அடுத்த மூன்றாண்டுக்கு 301.8 கோடி, அதற்கடுத்த மூன்றாண்டுக்கு 513.6 கோடி. இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை.

கணக்கப்பிள்ளை

நேரலைத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டு கணக்கு எழுதியவன் நான். அதனால் எதிர்த்தரப்பில் உட்காருகிறேன். யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

1992-க்கு முன்னால் என்ன இருந்தது என்பதை நண்பர் சொல்லவில்லை. 1983-இல் இங்கிலாந்து லீக் கால்பந்து முதல்முறையாக முறையான நேரலை ஒப்பந்தத்துக்கு வந்தபோது பருவம் ஒன்றுக்குப் பத்து ஆட்டம். 1988-இல் ஐடிவி என்ற இலவசச் சானல் வாங்கியபோது பதினெட்டு. அவ்வளவுதான். சந்தா இல்லை, உண்மை, ஆட்டமும் இல்லை. பிஎஸ்கைபி வந்ததும் அது 60 ஆனது. 2025-இல் தொடங்கிய நான்காண்டு ஒப்பந்தத்தில் பருவத்துக்குக் குறைந்தது 267.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2016-19-க்கு 513.6 கோடி என்றீர்கள்; பருவத்துக்கு 168 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோடி பவுண்டுக்குச் சற்று மேல் விழுகிறது. 2025-29 ஒப்பந்தம் 670 கோடி, நான்கு ஆண்டு, 267 ஆட்டம். வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 63 லட்சம். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் ஏறியது போலத் தெரியும். ஆட்டக் கணக்கில் இறங்கியிருக்கிறது.

இனி பிரத்யேகம் ஏன் என்ற விஷயம். நேரலை ஆட்டம் போல அழுகும் சரக்கு வேறெதுவும் இல்லை. நடுவர் கடைசி விசில் ஊதியதும் அதன் விலையில் பெரும்பகுதி போய்விடும். அப்படிப்பட்ட சரக்குக்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்கூட்டியே, அணி நன்றாக ஆடுமா, நட்சத்திர வீரர் காயப்படுவாரா என்று எதுவும் தெரியாமல், ஒருவர் எழுதிக்கொடுக்கிறார். அதே ஆட்டத்தை எதிர்க்கடையிலும் விற்பார்கள் என்றால் யார் எழுதிக்கொடுப்பார்கள்? இருவரும் விலையைக் குறைத்துக் குறைத்து, செலவுக்கே கட்டாத இடத்தில் போய் நிற்பார்கள். அது ரசிகனுக்கு ஒரு பருவம் இனிக்கும். அடுத்த ஏலத்தில் கை தூக்க ஆள் இருக்காது.

செலவு என்றால் என்ன என்று ஒரு சின்னக் காட்சி. ஒளிபரப்பு வண்டிக்குள் மறுகாட்சி போடுகிறவர் என்று ஒருவர் இருப்பார். ஆறு கேமராவின் படம் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். கை ஒரு சக்கரத்தின் மேலேயே இருக்கும். கோல் விழுந்து நான்கு விநாடிக்குள் எந்தக் கோணம் என்று முடிவு செய்து பின்னால் சுற்றி நிறுத்தியிருப்பார். அந்த வண்டியில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள். உரிமத் தொகை குறைந்த ஆண்டில் எங்கள் பட்டியலில் முதலில் வெட்டுப்பட்டது நான்காவது நாற்காலி. வீட்டில் பார்ப்பவருக்கு அது தெரியாது. "என்ன, அந்தக் கோணத்தைக் காட்டவே இல்லையே" என்று மட்டும் தோன்றும்.

வலைக்கம்பம்

கணக்கப்பிள்ளை, 267 ஆட்டத்தையும் பார்க்க எனக்கென்ன வேறு பிழைப்பு இல்லையா? எனக்கு வேண்டியது என் அணியின் ஆட்டம். பருவத்துக்கு 38. அதில் கொஞ்சம் இவரிடம், கொஞ்சம் அவரிடம், மீதி எவரிடமும் இல்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் யாரும் நேரலையில் காட்டவே கூடாது என்று 1960-களிலிருந்து ஒரு தடை இருப்பது உங்களுக்கே தெரியும். உலகத்தின் மறுகோடியில் இருப்பவன் பார்க்கலாம், மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருப்பவன் பார்க்க முடியாது. ஆட்டக் கணக்கில் விலை இறங்கியதாம். வேண்டாத ஆட்டத்தை என் தலையில் கட்டிவிட்டு, வகுத்துப் பார், மலிவு என்கிறீர்கள்.

பந்துபொறுக்கி

வலைக்கம்பம் சரியான இடத்தில் கை வைத்தார். விலையை விட மோசமானது, வேண்டியதை மட்டும் வாங்க முடியாமல் செய்வது. அது தற்செயலாக நடப்பதில்லை, திட்டமிட்டே நடக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தை (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடுவது) நடத்தும் என்எஃப்எல் அமைப்பின் 'சண்டே டிக்கெட்' என்றொரு சரக்கு இருக்கிறது. தன் வட்டாரத்துக்கு வெளியே உள்ள அணியின் ஞாயிறு ஆட்டத்தைப் பார்க்க விரும்பும் ரசிகனுக்கு அது ஒன்றுதான் வழி. 1994 முதல் 2022 வரை டைரக்டிவி என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 2023 முதல் யூடியூபிடம். ஓர் அணி மட்டும் போதும் என்றாலும் எல்லா அணியையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். இது வழக்காகி, 2024 ஜூனில் ஜூரி சந்தாதாரர்களுக்கு 470 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. தொகையை விடுங்கள். விசாரணையில் வெளியே வந்த ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது. பருவத்துக்கு 70 டாலருக்கு விற்கிறோம், தனி அணியாகவும் தருகிறோம் என்று ஈஎஸ்பிஎன் முன்வந்திருக்கிறது. லீக் அதை ஏற்கவில்லை. மலிவாக விற்க ஒருவர் தயாராக இருந்தும் அவருக்குக் கொடுக்கவில்லை! ஏன் என்று நினைக்கிறீர்கள்? வழக்கமான தொலைக்காட்சியில் ஓடும் ஞாயிறு ஆட்டங்களின் பார்வையாளர்கள் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். அதாவது விலை உயர்ந்திருப்பதே அந்தச் சரக்கின் வேலை.

அதே நாட்டிலிருந்து எதிர்ப்பக்க உதாரணம். கல்லூரி கால்பந்தில் (அதே அமெரிக்க ஆட்டம்தான்) கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு எல்லாக் கல்லூரிகளின் உரிமையையும் தன் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை ஆட்டத்துக்கு மேல் தொலைக்காட்சியில் வரக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. பிறகு காட்டப்பட்ட ஆட்டங்கள் பெருகின, ஓர் ஆட்டத்துக்கான உரிமைத் தொகை சரிந்தது. கல்லூரி கால்பந்து செத்துவிட்டதா? இன்றைக்கும் பணம் கொழிக்கும் விளையாட்டு அது.

கணக்கப்பிள்ளை

பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். 2024 ஆகஸ்டில், சண்டே டிக்கெட் வழக்கை விசாரித்த நீதிபதியே அந்த ஜூரி தீர்ப்பைத் தள்ளிவிட்டார். இழப்பை அளந்த நிபுணர்களின் கணக்கு நிற்காது என்பது அவர் சொன்ன காரணம். "பிரத்யேகம் இல்லாவிட்டால் விலை என்னவாக இருந்திருக்கும்" என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த விவாதத்துக்கும் அதே நோய்தான்.

பிரான்சைச் சொல்லட்டுமா? 2018 ஏலத்தில் முதல்தரக் கால்பந்து லீக்கின் பெரும்பங்கு உரிமையை மீடியாப்ரோ என்ற நிறுவனம் ஆண்டுக்கு 80 கோடி யூரோவை ஒட்டிய தொகைக்கு எடுத்தது. கழகங்கள் அந்தப் பணத்தை நம்பி வீரர்களுக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டன. 2020 அக்டோபரில் தவணை வரவில்லை. சில மாதங்களில் மீடியாப்ரோ தொடங்கிய சானலே மூடப்பட்டது. உரிமை கை மாறி மாறி 2024-இல் டாஸோன் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனத்திடம் போனது. அதுவும் ஒரே பருவத்தில் முறிந்தது. கடைசியில் 2025-இல் லீக்கே சொந்தமாக ஒரு சானலைத் தொடங்கி மாதம் 14.99 யூரோவுக்கு விற்க ஆரம்பித்தது. ரசிகனுக்கு மலிவுதான். ஆனால் கழகங்களுக்கு வரும் தொகை எங்கிருந்து எங்கே போனது என்று அங்குள்ள சிறு கழகத்தின் பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள். இளைஞர் பயிற்சிக்கு வைத்த பணம்தான் முதலில் போகும்.

வலைக்கம்பம்

ஏலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கியவன் செய்த தப்புக்கும் சேர்த்து நான் சந்தா கட்ட வேண்டுமா? நடுவில் உட்கார்ந்து கொழுத்தவர்கள் போனதும் லீக்கே நேராக விற்கிறது, விலை இறங்கிவிட்டது. இது எங்கள் பக்கத்து உதாரணம் ஐயா. தெரியாமல் எங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

பழைய வானொலி

நீங்கள் எல்லோரும் பணம் கட்டுகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டாதவனைப் பற்றி ஒரு வார்த்தை.

2005-இல் இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் தொடர் இலவசமாகச் சேனல் 4-இல் ஓடியது. உச்ச நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கிரிக்கெட் ரசிகர்கள்? பாதிப்பேர் வேறெதையோ பார்க்க உட்கார்ந்து, அதில் மாட்டிக்கொண்டவர்களாக இருப்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு விளையாட்டுக்கு வந்தேன். அண்ணன் வானொலியைத் திருகியபோது வர்ணனை வந்தது. பாட்டு வரும்வரை காத்திருக்கலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டாக எழுந்திருக்கவில்லை. 2006-இலிருந்து இங்கிலாந்தின் சொந்த மண் டெஸ்ட் ஆட்டங்கள் முழுவதும் ஸ்கைக்குப் போயின. அந்த நாட்டுக் கிரிக்கெட் வாரியத்துக்கு நல்ல பணம். பதின்மூன்று ஆண்டு கழித்து 2019 உலகக் கோப்பை இறுதிக்கு அவர்கள் அணி வந்தபோது, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சேனல் 4-லும் இலவசமாகக் காட்ட ஸ்கை இசைந்தது. அதாவது பூட்டி வைத்தவர்களுக்கே மனது கேட்கவில்லை.

தம்பி பந்துபொறுக்கி, உங்கள் செருப்பு உவமை நன்றாக இருந்தது. ஆனால் தேர்வு என்பது இரண்டு செயலிக்கு நடுவே மட்டும் இருப்பதல்ல. தற்செயலாக ஒன்றைப் பார்த்துவிடுவதும் தேர்வுதான். பணம் கட்டியபின்தான் பார்க்கலாம் என்றால், ஏற்கனவே பிடித்துப்போனவன்தான் வருவான். புதியவன் எப்படி வருவான்? இந்த நஷ்டம் யாருடைய விலைப்பட்டியலிலும் ஏறாது.

அதனால்தான் பல நாடுகள் சட்டம் போட்டன. பிரிட்டனில் 1996 ஒளிபரப்புச் சட்டத்தின்படி ஒரு பட்டியல் இருக்கிறது: ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து, விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள் போன்றவை கட்டணத்துக்குள் மட்டும் அடங்கிவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் ஒவ்வொரு நாடும் அப்படிப் பட்டியல் போட்டுக்கொள்ள வழி வைத்தது. இந்தியாவில் 2007 சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் நேரலையைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். விளம்பர வருமானத்தில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு உரிமைக்காரருக்கே. உரிமைக்காரர் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை.

குறுக்குவிசாரணை

வானொலி ஐயாவுக்கு ஒரு சிறு சேர்க்கை. அந்த இந்தியச் சட்டத்துக்கும் எல்லை வைத்துவிட்டார்கள். பகிரப்பட்ட நேரலையைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிடிஎச் சேவையிலும் காட்டலாம். தனியார் கேபிள் வழியாகப் போகும் தூர்தர்ஷன் சானலில் காட்டக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவசம் உண்டு, ஆனால் அதற்கென்று தனி ஆண்டெனா வேண்டும்.

எனக்குப் பிடித்த வழக்கு வேறு. போர்ட்ஸ்மவுத் நகரில் மதுவிடுதி நடத்திய கேரன் மர்ஃபி, இங்கிலாந்து ஆட்டங்களைக் காட்ட இங்கிலாந்துச் சந்தாவை வாங்காமல், கிரேக்க நாட்டுச் சந்தா அட்டையை வாங்கிச் செருகினார். அதே ஆட்டம், விலை மட்டும் மிகக் குறைவு. தண்டித்தார்கள். அவர் விடவில்லை. 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒரு நாட்டு அட்டையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று நாடு நாடாக வேலி போடுவது ஒன்றியத்தின் சட்டத்துக்கு எதிரானது. அடுத்த ஆண்டு அவர் மீதான தண்டனை ரத்தானது.

இதில் கவனிக்க வேண்டியது, பிரத்யேகம் இரண்டு அடுக்கு என்பது. ஒரு நாட்டுக்குள் ஒருவருக்கே என்பது முதல் அடுக்கு. அதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். பக்கத்து நாட்டுக்காரர் மலிவாக விற்பதை இங்கே வரவிடாமல் வைப்பது இரண்டாவது. விலையை உயர்த்தியே வைத்திருக்க இரண்டாவது வேலிதான் அதிகம் உதவுகிறது.

ஆனால் கணக்கப்பிள்ளை சிரிப்பார்: அதே தீர்ப்பில், தொடக்க இசை, சின்னங்கள், வரைகலை போன்றவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு, அவற்றோடு விடுதியில் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். கதவைத் திறந்துவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்ட கதை.

கணக்கப்பிள்ளை

சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். வேலியை எடுத்ததும் கிரேக்கத்தில் என்ன விலை வைப்பார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. உயர்ந்த விலை நாட்டில் இறங்காமல், மலிவு விலை நாட்டில் ஏறவும் செய்யலாம்.

இடதுகால்

எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. என்னிடம் ஓர் இணைப்பு

*(இணைப்பு நீக்கப்பட்டது. திருட்டு ஒளிபரப்பு முகவரிகளை இங்கே பகிர வேண்டாம். ஏன் மக்கள் அங்கே போகிறார்கள் என்று விவாதிக்கலாம். – மட்டுறுத்துநர்)*

வலைக்கம்பம்

ஏன் போகிறார்கள் என்று நான் சொல்கிறேன். அங்கே எல்லா ஆட்டமும் ஒரே இடத்தில் இருக்கிறது. இலவசம் என்பது இரண்டாவது காரணம்தான்.

பந்துபொறுக்கி

கணக்கப்பிள்ளைக்கு நேராக ஒரு கேள்வி. நீங்கள் சொல்வதெல்லாம் "ஒரே ஆட்டத்தை இருவர் விற்றால் அழிவு" என்ற ஒற்றைக்காலில் நிற்கிறது. அது ஒருமுறை உண்மையிலேயே நடந்தது. 2022-இல் ஐபிஎல்லின் 2023-27 உரிமையை விற்றபோது தொலைக்காட்சியையும் டிஜிட்டலையும் தனித்தனியாக ஏலம் விட்டார்கள். தொலைக்காட்சி டிஸ்னி ஸ்டாருக்கு 23,575 கோடி ரூபாய். இந்தியாவுக்கான டிஜிட்டல் வயாகாம்18-க்கு. முக்கியத் தொகுப்பு மட்டும் 20,500 கோடி. எல்லாம் சேர்த்து 48,390 கோடி. கவனியுங்கள்: இங்கே ஆட்டங்களைப் பிரிக்கவில்லை. அதே ஆட்டம், அதே நேரம், இரண்டு வியாபாரிகள். உங்கள் கணக்குப்படி கை தூக்க ஆளே இருந்திருக்கக் கூடாது. ஆனால் கிரிக்கெட் உலகம் அதுவரை காணாத தொகை வந்தது. 2023-இல் வயாகாம்18-இன் ஜியோசினிமா செயலி எல்லா ஆட்டத்தையும் இலவசமாகவே காட்டியது. இடது செருப்பு, வலது செருப்பு என்று பிரிக்காமல் முழு ஜோடியை இரண்டு கடையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கணக்கப்பிள்ளை

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், இதற்குப் பதில் யோசிக்க எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் படத்தை இடைவேளையோடு நிறுத்திவிட்டீர்கள். 2024 நவம்பரில் அந்த இரண்டு வியாபாரமும் ஒன்றாக இணைந்தன. 2025 பிப்ரவரியில் இரண்டு செயலியும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது; முழு இலவசம் முடிந்தது. இரண்டு கடை போட்டி போட்டு விலையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், அப்புறம் இரண்டு கடை இருக்காது. ஒன்று மற்றதை வாங்கும், அல்லது இரண்டும் கைகோத்துக்கொள்ளும். நான் முதல் பதிவில் சொன்னதும் இதைத்தான்.

பந்துபொறுக்கி

இல்லை. நீங்கள் சொன்னது கை தூக்க ஆள் இருக்காது என்று. ஆள் இருந்தார்கள். பிறகு ஒன்றானார்கள் என்றால், ஒன்றாக அனுமதித்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. போட்டி தோற்கவில்லை, போட்டியைக் கலைத்தார்கள்.

குறுக்குவிசாரணை

இருவர் சொல்வதும் ஒரே நிகழ்ச்சியைத்தான். ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017-18 பருவத்திலிருந்து முதல்தரக் கால்பந்து லீக்கின் முழு உரிமையையும் ஒருவரே வாங்கக் கூடாது என்று அங்குள்ள போட்டிக் கண்காணிப்பு அமைப்பு நிபந்தனை வைத்தது. ஆட்டங்கள் இரண்டு சந்தாவாகப் பிரிந்தன, ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். 2024-இல் அடுத்த ஏலத்துக்கு அந்த நிபந்தனை வேண்டாம் என்று அதே அமைப்பு விட்டுவிட்டது. பந்துபொறுக்கியின் செருப்புக் கணக்கைத் தாமதமாகப் போட்டுப் பார்த்தார்கள் போல.

பிரிட்டனில் இன்னொரு வழியையும் பார்த்தார்கள். ஆட்டங்களைப் பிரிக்காமல், ஸ்கையின் முதல் இரண்டு விளையாட்டுச் சானல்களைப் போட்டி நிறுவனங்களுக்கும் மொத்த விலையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2010-இல் அங்குள்ள ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் உத்தரவிட்டது. உரிமை ஒருவரிடம், சில்லறை விற்பனை பலரிடம். 2015-இல் இனி தேவையில்லை என்று அந்த நிபந்தனையை எடுத்தார்கள். எனக்குக் கேட்டால், எடுத்ததுதான் தவறு.

பந்துபொறுக்கி

அதுதான் வேண்டும். யார் வேண்டுமானாலும் வாங்கட்டும். ஆனால் மொத்த விலைக்கு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், ஓர் ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் விற்க வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட்டால்? கணக்கப்பிள்ளை, உங்கள் அனுபவத்தில் ஏலத் தொகை எவ்வளவு குறையும்? பத்தில் ஒன்றா, பாதியா?

கணக்கப்பிள்ளை

நேர்மையாகச் சொல்கிறேன். எங்கள் நிறுவனம் ஒரு சிறிய தொடரின் உரிமைக்கு ஒருமுறை விண்ணப்பம் போட்டது. அந்தக் கணக்குத்தாளை நான்தான் தயாரித்தேன். மழை வந்தால் எவ்வளவு, சொந்த அணி முதல் சுற்றில் வெளியேறினால் எவ்வளவு, ஆட்டம் வேலை நாளில் வந்தால் எவ்வளவு என்று பதினேழு வரி. "பிரத்யேகம் இல்லையென்றால்" என்று ஒரு வரியை நானாகவே சேர்த்து, கட்டத்தைக் காலியாக விட்டு மேலே அனுப்பினேன். மேலாளர் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். யாரும் கேட்காத கேள்விக்கு விலை போடாதே என்றார். ஆகவே எனக்குத் தெரியாது. குறையும், பாதியாகாது என்று நினைக்கிறேன். ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் விற்பதை நான் எதிர்க்கவில்லை. சந்தாவை நிறுத்த மறந்துபோகிறவர்களால்தான் அந்த வியாபாரமே ஓடுகிறது. அதை அவர்கள் விடமாட்டார்கள்.

பழைய வானொலி

நிறுத்துவது என்றதும் நினைவு வருகிறது. போன ஆண்டு ஒரே தொடருக்காகப் பேரன் என் பெயரில் ஒரு சந்தா எடுத்துக்கொடுத்தான். தொடர் முடிந்து ஏழு மாதமாகிறது. பணம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. தம்பி, அதை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கும்?

பந்துபொறுக்கி

அது பொன்னிறத்தில் இருக்காது ஐயா. முதலில் உங்கள் கணக்கு, அதற்குள் 'திட்டம்', அதையும் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே போங்கள். உதவிக் கேள்விகள் எல்லாம் முடிந்தபின் சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அழுத்தியதும் "உறுதியாகவா?" என்று மூன்று முறை கேட்பார்கள். இரண்டாவது முறை பொத்தான்களின் இடத்தை மாற்றி வைத்திருப்பார்கள். அவசரப்படாமல் படித்துவிட்டு அழுத்துங்கள்.